சஷிகோ தையலில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் எங்கள் வீட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை ஆறேழு பேர் உட்கார்ந்து சஷிகோ தைக்கிறோம். பெரும்பாலும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள், கூடவே இரண்டு ஜப்பானியத் தோழிகள். வருகிறவர்கள் கையில் ஒரு துணியும் வாயில் ஒரு கேள்வியும் இருக்கும்: "ஒழுங்காத்தானே தைச்சேன், ஏன் இப்படி ஆச்சு?" இத்தனை வருடத்தில் நான் பார்த்த கோளாறுகள் பத்துக்கு மேல் இல்லை. திரும்பத் திரும்ப அதேதான் வருகிறது. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் துணியில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காரணங்களைச் செலவில்லாததில் தொடங்கி, செலவு பிடிப்பது வரை வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்.

சஷிகோ என்ற சொல்லுக்குச் சின்னச் சின்னக் குத்து என்று பொருள். நாம் ஓட்டுத் தையல் என்கிறோமே, அதேதான். கீழே ஒவ்வொரு தையலையும் குத்து என்றே எழுதுகிறேன்.

எந்தக் கோளாறானாலும் முதல் வேலை ஒன்றுதான்: துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் அழகைக் காட்டும், கை செய்த பிழை பின்பக்கத்தில்தான் கிடக்கும்.

## துணி சுருங்கி இழுக்கிறது

வருகிற துணிகளில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான்.

### தைக்கும்போதே சுருங்கினால்

முதல் சந்தேகம் நூலின் இறுக்கம். பின்பக்கத்தில் கோட்டின் நடுவில் ஒரு குத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் அடியில் ஊசி முனையை நுழைத்துப் பாருங்கள். முனை லேசாக நுழைந்து நூல் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் இறுக்கம் சரியாக இருக்கிறது. முனை நுழையவே இடமில்லாமல் நூல் துணிக்குள் பதிந்திருந்தால் இழுத்துத் தைத்திருக்கிறீர்கள்.

இதைத் தடுக்கும் வேலைக்கு ஜப்பானியர் இதோகோகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதோ என்றால் நூல், கோகி என்றால் நீவுதல். இந்த ஒன்றைக் கை பழகிக்கொண்டால் பாதிக் கோளாறு போய்விடும் என்பது என் அனுபவம். ஊசியில் ஐந்தாறு குத்து ஏற்றி நூலை இழுத்த பிறகு உடனே அடுத்த குத்துக்குப் போகாதீர்கள். கோட்டின் தொடக்கத்தை இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கைப் பெருவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் வைத்து, தைத்த கோட்டின் மேலேயே நூல் போகும் பக்கமாக நீவி விடுங்கள். சுருக்கம் விரலுக்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து கடைசிக் குத்தைத் தாண்டி வெளியேறுவது கண்ணுக்கே தெரியும். துணி தட்டையாகி, நூல் அதன் மேல் அமர்ந்திருக்கும். கோடு முடிந்ததும் முழு நீளத்துக்கும் இன்னொரு முறை நீவுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அசனோஹா என்னும் சணல் இலை வடிவத்தில் சாய்கோடுகள் நிறைய வரும். சாய்வாக இழுத்தால் எந்தத் துணியும் ரப்பர் மாதிரி நீளும். அங்கே அழுத்தி நீவினால் இலை கோணலாகிவிடும். சாய்கோட்டில் மெதுவாக, ஒரே ஒரு முறை நீவினால் போதும்.

அடுத்த சந்தேகம் வளைவுகள். ஷிப்போ என்னும் கோர்த்த வட்டங்களிலும், செய்காய்ஹா என்னும் அலைகளிலும் நேர்க்கோடு மாதிரி ஐந்தாறு குத்தை ஒன்றாக ஊசியில் ஏற்றக்கூடாது. இரண்டு மூன்று போதும். திசை மாறும் இடத்தில் எல்லாம் பின்பக்கத்தில் ஒரு அரிசி மணி அளவுக்கு நூலைத் தொய்வாக விடுங்கள்.

மூன்றாவது, பின்பக்கத்தில் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு நூலைத் தாண்டவிட்ட இடங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தாண்ட வேண்டி வந்தால் நூலை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. அதற்குள் என்றாலும் தாண்டும் நூல் தளர்வாகக் கிடக்க வேண்டும்.

ஏற்கெனவே தைத்து முடித்த துணி என்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. சுருங்கிய கோட்டின் ஒரு முனையில் மட்டும் கடைசி நான்கைந்து குத்தைப் பிரியுங்கள். மறுமுனையிலிருந்து இந்தப் பக்கமாக நீவிக்கொண்டே வந்தால், பிரித்த நூல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் கோடு தளரும். அப்புறம் பிரித்த இடத்தைப் புது நூலால் தைத்து மூடிவிடலாம். சந்திப்புகளில் நூலுக்குள்ளேயே ஊசி புகுந்திருந்தால் மட்டும் நூல் நகராது. அந்தக் கோட்டை முழுதாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

### துவைத்த பிறகு சுருங்கினால்

துணி சுருங்கியிருக்கும், நூல் சுருங்கியிருக்காது. அல்லது நேர்மாறாக நடந்திருக்கும். குத்துகள் துணியின் மேல் தளர்ந்து சிறு வளையமாக நின்றால் துணி சுருங்கியிருக்கிறது. குத்துகள் விறைத்து, கோட்டுக்குக் கோடு துணி உப்பியிருந்தால் நூல் சுருங்கியது, இல்லையென்றால் முதலிலேயே இறுக்கமாக இருந்தது இப்போது வெளியே தெரிகிறது.

அடுத்த துணிக்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். மிச்சத் துணியில் 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 9.5 வந்தால் நூற்றுக்கு ஐந்து சுருங்குகிறது. அப்படிப்பட்ட துணியை வெட்டுவதற்கு முன்பே தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் காயவைத்து, லேசான ஈரத்திலேயே பாவும் ஊடையும் நேராக இருக்கும்படி இழுத்து இஸ்திரி போட வேண்டும். ஜப்பானில் இதை மிசுதோஷி, அதாவது தண்ணீரில் விட்டெடுத்தல் என்பார்கள். தோழி ஒருத்தி கடையிலிருந்து வந்த துணியை மடிப்புப் பிரித்ததும் நேராகக் குளியலறைக்குத்தான் கொண்டு போவாள்.

கோடு அச்சடித்து வரும் சராஷி என்னும் வெள்ளைப் பருத்தித் துணியை மட்டும் முன்கூட்டி நனைக்க முடியாது, கோடு அழிந்துவிடும். அதில் தொய்வைக் கூடுதலாக விடுங்கள். வேறு வழியில்லை.

### முன்பக்கம் தட்டை, பின்பக்கம் பை மாதிரி உப்பல்

இரண்டு மடிப்புத் துணியில் வருவது இது. ஹனாஃபுகின் என்னும் அலங்காரத் துடைப்புத் துணியை, 33, 34 சென்டிமீட்டர் அகலம் வரும் சராஷியை இரட்டையாக மடித்துத்தான் தைப்பார்கள். தைக்கும்போது மேல் மடிப்பு நகர்ந்துவிடும். தொடங்கும் முன்னால் நடுவிலிருந்து நாலா பக்கமும் நீள நீளமான தற்காலிகத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். குண்டூசி போதாது, கையில் குத்தும் என்பதோடு துணியும் நகரும். உப்பல் வந்த பிறகு சரிசெய்ய வேண்டுமென்றால் ஓரத் தையலை ஒரு பக்கம் பிரித்து, மிச்சத் துணியை வெளியே நீவி, மறுபடி மூடலாம். நடுவில் தங்கிவிட்ட உப்பல் போகாது.

## மூலை மழுங்குகிறது, சந்திப்பு குழம்புகிறது

மூலையில் குத்து விழவே இல்லையா என்று பாருங்கள். மூலையின் நுனியில் ஊசி கட்டாயம் இறங்கவோ ஏறவோ வேண்டும். மூலைக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே மிச்சத் தூரத்தைக் கண்ணால் அளந்து, கடைசி மூன்று நான்கு குத்தை இம்மியளவு நீட்டியோ குறுக்கியோ கொண்டுபோய்ச் சேருங்கள். மூன்று நான்கில் பகிர்ந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கடைசி ஒரே குத்தில் சரிக்கட்டினால் தூரத்திலிருந்தே தெரியும்.

மூலையில் குத்து விழுந்தும் வட்டமாகத் தெரிந்தால் பின்பக்கம் தொய்வு விடவில்லை என்று அர்த்தம்.

பல கோடுகள் கூடும் நடுப்புள்ளியில் நூல் மலை மாதிரி குவிந்திருந்தால், எல்லாக் குத்தையும் ஒரே துளையில் இறக்கியிருக்கிறீர்கள். அசனோஹாவில் நடுவைச் சுற்றி ஒரு கடுகு அளவு வெற்றிடம் விட்டு நிறுத்துங்கள். கண் தானே அங்கே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொள்ளும். நேர்க்கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒன்று நல்ல கூட்டல் குறி வரவேண்டும், இல்லையென்றால் வெற்றிடம் வரவேண்டும். ஒரே துணியில் இரண்டையும் கலக்காதீர்கள்.

## குத்துகள் ஏறுமாறாக இருக்கின்றன

ஸ்கேலை வைத்து 10 சென்டிமீட்டருக்கு முன்பக்கத்தில் எத்தனை குத்து என்று மூன்று இடங்களில் எண்ணுங்கள். முன்பக்கம் மூன்று பங்கு, பின்பக்கம் இரண்டு பங்கு என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. முன்னால் 3 மில்லிமீட்டர், பின்னால் 2 மில்லிமீட்டர் என்றால் 10 சென்டிமீட்டரில் 20 குத்து வரும். மூன்று இடத்திலும் ஒன்றிரண்டுதான் வித்தியாசம் என்றால் நிம்மதியாகத் தொடருங்கள். அது கைத்தையல், அப்படித்தான் இருக்கும். 14, 20, 24 என்று தாவினால் கீழே உள்ளதைப் பாருங்கள்.

ஒவ்வொரு குத்தாகக் குத்தி எடுக்கிறீர்களா? அங்கேதான் பிழை. ஊசியை ஏறக்குறைய அசையாமல் வைத்துக்கொண்டு, துணியை மேலும் கீழும் ஆட்டி ஊசி மேல் கொசுவம் மடிப்பது போல ஏற்ற வேண்டும். இதற்கு உன்ஷின் என்று பெயர். கை ஒரு தாளத்துக்கு வந்துவிட்டால் அளவு தானாகச் சமமாகும். நூல் கோக்காத ஊசியை வைத்துப் பழைய துணியில் தினம் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

துணியை எம்பிராய்டரி வளையத்தில் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். விறைத்த துணியில் மடிப்பு ஏறாது. ஊசி குட்டையாக இருந்தாலும் ஏறாது. சஷிகோ ஊசி நீளமாகவும் காது பெரிதாகவும் இருப்பது இதற்காகத்தான். நிப்போரி துணிக்கடைத் தெருவில் இரண்டு மூன்று நீளங்களில் சேர்த்துப் பொட்டலமாகவே கிடைக்கிறது. நேர்க்கோட்டுக்கு நீளமானதையும் வளைவுக்குக் குட்டையானதையும் எடுங்கள்.

ஹிதோமெசாஷி என்னும் கட்டத் தையலில் மட்டும் மேலே சொன்ன மூன்றுக்கு இரண்டு கணக்கு செல்லாது. அங்கே கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு குத்து. வடிவம் பாதியில் உடைந்தால் ஏதோ ஒரு வரிசையில் ஏற வேண்டிய இடத்தில் இறங்கியிருக்கிறீர்கள். கட்டமே கோணலாக வரைந்திருக்கவும் கூடும். அப்படியானால் 5 மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் தவறினால்கூடப் பத்து வரிசைக்குள் வெளியே தெரியும்.

## நூல் முறுக்கேறுகிறது, பஞ்சாகிறது, அறுகிறது

நூலின் நீளத்தைப் பாருங்கள். 60 சென்டிமீட்டருக்கு மேல் கோத்திருந்தால் வேறு எதையும் தேடாதீர்கள். அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு ஒன்றரை மீட்டர் கோத்தால், கடைசிப் பகுதி நூறு தடவை துணிக்குள் போய்வந்து பஞ்சாகத்தான் செய்யும்.

முறுக்கு ஏறினால் துணியைத் தலைகீழாகப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள். தானே சுழன்று முறுக்கு இறங்கும். ஊசிக் காதை ஒட்டிய இடத்தில் மட்டும் நூல் தேய்ந்தால், தைக்கத் தைக்க ஊசியை நூலில் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே வாருங்கள். எப்போதும் அதே ஊசியில்தான் இப்படி ஆகிறது என்றால் அதன் காதில் பிசிறு இருக்கிறது, தூக்கிப் போடுங்கள்.

சிட்டமாக வரும் நூலை நுனியிலிருந்து இழுத்து இழுத்து எடுத்தால் சிக்கும். காகிதத்தைக் கழற்றி வளையத்தை முழுதாக விரியுங்கள். முடிச்சு இருக்கும் இடத்தில் எல்லா நூலையும் சேர்த்து ஒரே வெட்டு. அப்புறம் தளர்வாகச் சடை பின்னி வைத்துக்கொண்டால், மேல்நுனியிலிருந்து ஒவ்வொன்றாக உருவலாம்.

மெழுகு தடவலாமா என்று கேட்பார்கள். நான் தடவுவதில்லை. சஷிகோ நூலின் அழகு அது புசுபுசுவென்று உருண்டு நிற்பதில் இருக்கிறது, மெழுகு அதை ஒட்டிப்போக வைத்துவிடும். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் தைத்தால் பளபளப்பு வரும், ஆனால் இழைகள் பிரிந்து தட்டையாகப் படுக்கும். ஆத்திர அவசரத்துக்குச் சரி.

பழைய நூலாக இருந்தால் ஒரு சாண் வெட்டி இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். விளக்குத் திரி மாதிரி பிய்ந்தால் அந்தச் சிட்டத்தில் ஒன்றும் தைக்காதீர்கள்.

## நூல் முனை உருவிக்கொண்டு வருகிறது

துடைப்புத் துணியில் முடிச்சுப் போடுவதில்லை, இரண்டு பக்கமும் தெரியும் என்பதால். தொடக்கத்தில் மூன்று குத்து முன்னாலிருந்து ஆரம்பித்துத் திரும்பி, அதே குத்துகளின் மேல் இரண்டாம் முறை தைத்துப் போவார்கள். முடிவிலும் அப்படியே. முனை வெளியே வந்தால் ஒரு குத்து மட்டும் மேலே தைத்திருப்பீர்கள், அல்லது மீந்த நூலைத் துணியோடு ஒட்ட வெட்டியிருப்பீர்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டி, ஒருமுறை துவைத்த பிறகு மிச்சத்தைக் கத்தரியுங்கள். உள்பக்கம் தெரியாத சட்டை, பை போன்றவற்றில் தாராளமாக முடிச்சுப் போடலாம்.

## வரைந்த கோடு போகவில்லை, அல்லது தைக்கும் முன்பே போய்விட்டது

எந்தப் பேனா என்று முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் கரையும் நீலப் பேனா என்றால் முதலில் வெறும் தண்ணீர். சோப்புத் தண்ணீரோ இஸ்திரியோ முதலில் பட்டிருந்தால் கோடு பழுப்பாகி நிலைத்துவிடக்கூடும். இன்னும் சூடு படவில்லை என்றால் நிறைய தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். மேலோட்டமாகத் தெளித்தால் போன மாதிரி இருக்கும், காய்ந்ததும் திரும்ப எட்டிப் பார்க்கும்.

ஊதாப் பேனா காற்றுப் பட்டே மறைவது. டோக்கியோவின் ஆடி மாதப் புழுக்கத்தில் காலையில் வரைந்தது மதியத்துக்குள் போய்விடுகிறது. அன்றைக்குத் தைக்கும் அளவு மட்டும் வரையுங்கள். கை வியர்ப்பவர்கள் அச்சடித்த சராஷியில் தைக்கும்போதும் கைபடும் இடத்தில் ஒரு துண்டுத் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

உரசினால் மறையும் பேனாவைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். இஸ்திரிச் சூட்டில் மாயமாக மறையும். ஆனால் நிறம்தான் மறைகிறது, மை துணியிலேயே இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி, 20 டிகிரி என்று குளிர்ந்தால் கோடு திரும்பி வரும். அதை அணிந்துகொண்டு ஹொக்கைடோவுக்குப் பனி பார்க்கப் போகிறவர் நினைத்துப் பாருங்கள். கருநீலத் துணியில் வெள்ளைத் தழும்பாகவும் தங்கும். நீலத் துணிக்குச் சுண்ணப் பென்சிலோ, வெள்ளைத் தையல் கார்பன் தாளோ போதும்.

## சாயம் இறங்கிவிட்டது

வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தையல் மேல் பத்து விநாடி தேய்த்துப் பாருங்கள். இன்டிகோ துணியில் தைக்கும்போதே விரலும் வெள்ளை நூலும் நீலமாகின்றன என்றால் உராய்வில் வரும் சாயம். துணியை முன்பே தனியாகச் சில முறை அலசியிருந்தால் பெரும்பாலும் நின்றிருக்கும். துவைக்கும்போது சிவப்பு நூலிலிருந்து வெள்ளையில் படர்ந்தது என்றால் தண்ணீரில் இறங்கும் சாயம்.

இறங்கியதைப் பார்த்த அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது, காயவிடாமல் இருப்பது. பெரிய வாளியில் நிறையத் தண்ணீர் விட்டு, மடிக்காமல் மூழ்கடித்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் துண்டில் பரப்பி நீரை ஒற்றி, விரித்தபடியே காயவையுங்கள். உப்பும் வினிகரும் ஏற்கெனவே இறங்கத் தொடங்கிய சாயத்தைப் பிடித்து வைக்காது, அதை நம்பி நேரத்தைக் கழிக்காதீர்கள். ப்ளீச் கண்டிப்பாகக் கூடாது, இன்டிகோ நீலமும் சேர்ந்து போய்விடும்.

ஒருமுறை காய்ந்து இஸ்திரியும் பட்டுவிட்டால் வீட்டு வேலை முடிந்தது. சாதாரண துடைப்புத் துணி என்றால் அப்படியே பயன்படுத்துங்கள். கிமோனோ, அதன் இடுப்புப் பட்டையான ஒபி போன்றது என்றால் கறை எடுக்கும் கைவினைஞரிடம் போகும் நேரம். கிமோனோ கடைகளில் கேட்டால் அனுப்பி வைப்பார்கள்.

## ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றிப் புதுக் கிழிசல்

பக்கத்துக் கட்டடத்து அக்கா தன் கணவரின் ஜீன்ஸை எடுத்துவந்தார். முழங்காலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஓட்டைக்கு உள்ளங்கை அளவு ஒட்டு, மேலே வரிவரியாக அழகான வெள்ளைத் தையல். இரண்டே மாதத்தில் ஒட்டின் விளிம்பு நெடுக, தபால்தலை கிழிப்பது போல நேர்க்கோட்டில் பிய்ந்திருந்தது. தையலில் ஒரு குத்துகூட அவிழவில்லை.

ஜீன்ஸை ஜன்னல் கண்ணாடியில் விரித்துப் பிடித்தோம். வெளிச்சம் எங்கே அதிகமாகக் கசிகிறதோ அங்கே இழை தேய்ந்திருக்கிறது. ஓட்டை சிறிதாக இருந்தாலும் தேய்ந்த இடம் முழங்காலைத் தாண்டி ஒரு முழ நீளத்துக்குப் போயிருந்தது. ஒட்டின் விளிம்பு அந்தத் தேய்ந்த பகுதியின் நட்ட நடுவில் முடிந்திருந்தது. நடக்கும்போது எல்லா இழுப்பும் அந்த விளிம்பில்தானே விழும்? நீங்களும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

காரணங்களை வரிசையாகச் சொன்னால், ஒட்டு சின்னதாக இருப்பது முதலாவது. தேய்ந்த இடம் முழுவதையும் மூடி, அதற்கு வெளியே நல்ல துணியில் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போக வேண்டும். இரண்டாவது, எல்லாத் தையல் வரிகளும் ஒரே கோட்டில் முடிவது. ஒரு வரியை நீட்டி, அடுத்ததைக் குறைத்து, முனைகள் பல்வரிசை மாதிரி முன்னும் பின்னுமாக முடியட்டும். மூன்றாவது, ஒட்டுத்துணி மூலத் துணியைவிடத் தடிமனாக இருப்பது. தேய்ந்த துணிக்குப் புது டெனிம் ஒட்டினால் பழையதுதான் தோற்கும், மெல்லிய, பலமுறை துவைத்த பருத்தி போதும். நான்காவது, ஒட்டின் இழை நேராக வைக்கப்படாதது. பாவு பாவோடு போக வேண்டும்.

நீளும் ஜீன்ஸ் என்றால் இன்னொரு தொல்லை. துணி நீளும், சஷிகோ நூல் நீளாது, பட்டென்று அறும். துணியை லேசாக இழுத்துப் பிடித்தபடி நீவி, சாதாரணத்தைவிட இரட்டைத் தொய்வு விடுங்கள். நெருக்கமான வரிகளை அதில் போடாதீர்கள்.

வடக்கு ஜப்பானின் போரோ உடைகளைப் பார்த்தவர்களுக்கு ஒட்டின் அளவு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி விளையாத குளிர் நாடு அது. கிடைத்த துண்டையெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டையை மட்டும் குறி வைக்காமல் சுற்றியுள்ள இடம் முழுக்கத் தைத்துக்கொண்டே போயிருப்பார்கள். அவோமோரியில் தனகா சூசாபுரோ சேர்த்த அந்தத் துணிகளை அசகுசாவில் இருந்த அமுசே மியூசியத்தில் வைத்திருந்தார்கள். 2019-இல் அது மூடப்படும் முன்னால் போய் நின்று பார்த்தபோது, எந்த ஒட்டின் விளிம்பும் அடுத்த ஒட்டின் விளிம்போடு ஒரே கோட்டில் விழவில்லை என்பதைக் கவனித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் ஒட்டு ஒன்றைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

எப்போது கைவிட்டுப் பிறரிடம் போவது? தொடை இடுக்குத் தையல் பிளந்தால் தையல் கடையில் மெஷினில் நெருக்கமாக ஓட்டித் தரச் சொல்லுங்கள், கைத்தையல் அந்த இழுப்பைத் தாங்காது. கம்பளி கோட்டு, சூட்டு என்றால் சஷிகோவே வேண்டாம். ஜப்பானில் ககெத்சுகி என்னும் முறையில் கைவினைஞர்கள் அதே உடையின் உள்மடிப்பிலிருந்து இழை எடுத்து, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் நெய்து தருவார்கள். செலவு அதிகம், ஆனால் கொடுக்கலாம். நைந்த பட்டில் பருத்தி நூல் இழுத்தால் பட்டு அறுந்துவிடும். தலைமுறை தாண்டி வந்த போரோ அல்லது இழை எண்ணித் தைத்த பழைய கோகின் உடை கையில் கிடைத்தால் ஊசியே வைக்காதீர்கள், துவைக்கவும் வேண்டாம். அருங்காட்சியகத்தில் துணிப் பாதுகாப்பு செய்கிறவரிடம் காட்டுங்கள்.

## கோகின்: வைரம் சாய்கிறது

அவோமோரியின் சுகாரு பகுதிக்குரிய கோகினில் கோடு வரைவதில்லை, பாவு இழைகளை எண்ணித் தைக்கிறோம். 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் போகும். வைரம் ஒரு பக்கம் சாய்ந்தால் எண்ணிக்கை தவறியிருக்கிறது, அவ்வளவுதான். சாய்வு தொடங்கும் வரிசையை ஸ்கேல் வைத்துக் கண்டுபிடித்து, அதற்கு முந்திய வரிசையின் நடுக்குத்தோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். எங்காவது இரண்டோ நான்கோ வந்தால் அங்கேதான் பிழை. அந்த வரிசை வரை பிரிக்க வேண்டும். நடுவில் ஒட்டுப்போட்டுச் சமாளித்தால் மேலே போகப் போகக் கூடும்.

இரட்டைப்படையில் எண்ணுவது பக்கத்து நன்பு பகுதியின் ஹிஷிசாஷி. இரண்டு மாதிரித் தாள்களைக் கலந்து வைத்துத் தைத்துவிட்டுக் குழம்பியவர்கள் எங்கள் மேசையிலேயே உண்டு. கோகின் வைரம் உயரவாக்கில் நீளும், ஹிஷிசாஷி வைரம் படுக்கைவாக்கில் அகலும். எண்ணிக்கை சரியாக இருந்தும் வைரம் நசுங்கியிருந்தால் துணியில் ஒரு அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நெசவு வேறு மாதிரி என்றால் தையலில் சரிசெய்ய முடியாது, துணியை மாற்ற வேண்டும்.

துணி பக்கவாட்டில் ஒடுங்கினால் முதல் தலைப்புக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் நீவ வேண்டும், வரிசை திரும்பும் இடத்தில் தொய்வு விட வேண்டும்.

## ஊசி நுழையவில்லை, வளைகிறது, கை வலிக்கிறது

எத்தனை மடிப்பு என்று எண்ணுங்கள். ஜீன்ஸின் ஓரத் தையல் சேரும் இடத்தில் ஏழெட்டு மடிப்பு இருக்கும். அங்கே குத்துக்குக் குத்து தனியாக, ஊசியைச் செங்குத்தாக இறக்கி எடுங்கள். நெருக்கமான நெசவுள்ள படுக்கை விரிப்புத் துணியில் ஊசி கிறீச்சென்று நின்றால் அந்தத் துணி இந்த வேலைக்கு ஆகாது. முனை மழுங்கியிருக்கிறதா என்று நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள், தடுக்கினால் ஊசி பழையது.

பெருவிரல் அடிப்பகுதியில் வலித்தால் ஊசியை விரலால் பிடித்துத் தள்ளுகிறீர்கள். நீள ஊசியைத் தள்ளுவது உள்ளங்கையின் வேலை. நடுவிரலின் அடியில் மோதிரம் மாதிரி மாட்டி, சிறு தட்டு உள்ளங்கைப் பக்கம் வரும் யுபினுகி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஊசியின் காதுப் பக்கம் அந்தத் தட்டில் ஊன்றி நிற்க, விரல்கள் துணியை மட்டும் ஆட்டும். முதல் வாரம் அசௌகரியமாக இருக்கும், விட்டுவிடாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுங்கள்.

விரல் மரத்துப்போவது, இரவில் ஊசி குத்துவது போல் விழிப்புத் தட்டுவது, ஒரு வாரம் தைக்காமல் இருந்தும் வலி போகாதது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். எங்களில் ஒருவர் மூன்று மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, அதன்பின் தேநீர்க் கோப்பையைத் தூக்கவே சிரமப்பட்டார்.

வளைந்த ஊசியை நிமிர்த்த முயலாதீர்கள், முறிந்து கண்ணில் தெறிக்கும். முறிந்ததையும் வளைந்ததையும் குப்பையில் போடாமல் ஒரு சிறு மூடிப் புட்டியில் சேர்த்து வைக்கிறோம். பிப்ரவரி 8 அன்று அசகுசாவின் சென்சோஜி கோயில் வளாகத்தில் உள்ள அவஷிமா சன்னதியில் ஊசிகளுக்கு வழிபாடு நடக்கும். வருடம் முழுக்கக் கடினமான துணியில் உழைத்த ஊசிகளை மெத்தென்ற தோஃபுவில் குத்தி ஓய்வு கொடுப்பார்கள். போன முறை எங்கள் புட்டியில் பதினொரு ஊசி இருந்தது, அதில் நான்கு அந்த அக்காவின் ஜீன்ஸில் போனவை.